சிறகிலா, மிரட்சியிலா? காட்டுக்கோழிக் கூண்டில் 16 மாதங்கள்

ஒரே நாளில், ஒரே இன்குபேட்டரில் ஓட்டை உடைத்து வெளிவந்த 16 குஞ்சுகளைப் பற்றியது இந்த ஆய்வு. எட்டு குஞ்சுகள், தூய சிவப்புக் காட்டுக்கோழி என்று சொல்லித் தரப்பட்ட முட்டைகளில் வந்தவை. மற்ற எட்டும் வெள்ளை லெகார்ன் என்ற வளர்ப்பு முட்டைக்கோழி இனம். உரிய அனுமதியோடு பறவை வளர்க்கும் நண்பர் ஒருவரின் கூண்டில் இவை வளர்ந்தன. தீனி வைத்ததும் நோட்டில் எழுதியதும் தவறு செய்ததும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான். எங்கள் தவறால் இரண்டு பறவைகள் செத்தன. அதையும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் காட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பலரும் முதல் வருடத்தில் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

காட்டுக்கோழி பறக்கும், வீட்டுக்கோழி பறக்காது என்று பொதுவாகச் சொல்கிறோம். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. சிறகிலா, எடையிலா, குணத்திலா? லெகார்னைத் துணைக்கு வைத்ததற்கு அதுதான் காரணம். கனத்த இனம் எதையாவது வைத்திருந்தால் எடை ஒன்றே எல்லா வித்தியாசத்தையும் மூடி மறைத்திருக்கும். லெகார்ன் வளர்ப்பு இனங்களில் இலகுவானது, அதற்குச் சிறகிறகும் சீக்கிரம் முளைக்கும்.

முதல் வாரங்கள்

இரண்டாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. தீனித் தட்டை எடுக்கக் கையை மேலிருந்து நீட்டினால் லெகார்ன் குஞ்சுகள் கத்திக்கொண்டே ஓடும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்து விரல் நகத்தைக் கொத்தும். காட்டுக்கோழிக் குஞ்சுகள் கத்தவே இல்லை. எட்டும் எட்டுத் திசையில் சிதறி, கிடைத்த மூலையில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். கை போன பிறகும் வெகுநேரம் அசையாது. இவற்றுக்குத் தாய் இல்லை, பருந்தைப் பார்த்ததில்லை, யாரும் துரத்தியதும் இல்லை. ஒரே விளக்கின் சூட்டில், ஒரே தீனியில், ஒரே கைகளில் வளர்ந்த குஞ்சுகள் இவை. இந்த அச்சத்தை அவை எங்களிடம் கற்றிருக்க முடியாது. முட்டைக்குள்ளிருந்தே கொண்டுவந்தவை.

பத்தாம் நாள் காட்டுக்கோழிக் குஞ்சு ஒன்று, குஞ்சுகளை விளக்குச் சூட்டில் வளர்க்கும் புரூடர் பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. நான்கு நாள் கழித்து லெகார்ன் குஞ்சும் அதே விளிம்பில் ஏறியது. அந்த நான்கு நாளை நாங்கள் அப்போது பெரிதாக எழுதிவைத்தோம். இப்போது யோசித்தால் கவனித்திருக்க வேண்டியது வேறு. லெகார்ன் குஞ்சு ஏறியதும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. காட்டுக்கோழிக் குஞ்சு ஏறியதும் அடுத்து எங்கே தாவலாம் என்று தேடியது.

12ஆம் வாரத்தில் எல்லாவற்றையும் பெரிய கூண்டுக்கு மாற்றினோம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், கூரையிலும் பக்கத்திலும் விறைப்பான கம்பிவலை. கூரைக்குக் கம்பிவலை போட்டதுதான் எங்கள் முதல் தவறு.

பறக்கும் திறன் என்பது எது

கூண்டுக்குள் இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு பலகை வைத்து, அதில் புழு வைத்தோம். நடுவில் இரண்டு குறுக்குக் கம்புகள். காட்டுக்கோழிகள் அந்தக் கம்புகளைப் பொருட்படுத்தவே இல்லை. தரையிலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாக எழும்பி, நேரே பலகையில் இறங்கின. லெகார்ன்கள் கம்பு கம்பாகத் தாவி ஏறின. அப்புறம் நடுக் கம்புகளை எடுத்துவிட்டோம். லெகார்ன்கள் கீழே அங்குமிங்கும் நடந்தன, தலையைச் சாய்த்து மேலே பார்த்தன, குந்தின, எழுந்தன. அரை மணி நேரம் கழித்து மூன்று பெட்டைகள் ஒரே மூச்சில் நேராகப் பலகைக்குப் பறந்தன. தடுமாற்றம் இல்லை, சுவரில் மோதவும் இல்லை. அன்று எங்கள் இருவருக்குமே ஆச்சரியம். அந்த வயதில் லெகார்னுக்கும் சிறகு வேலை செய்தது. அதைப் பயன்படுத்தத் தோன்றுவதற்குத்தான் அரை மணி ஆனது.

இதற்காக எடையை ஒதுக்கிவிட முடியாது. முழு வளர்ச்சியடைந்த காட்டுச் சேவல் ஏறக்குறைய 1 கிலோ, பெட்டை அதைவிட இலகு. லெகார்ன் பெட்டை வளர்ந்து முடிக்கும்போது அதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடும். கனத்த இனங்கள் 3 கிலோவைத் தாண்டும். ஒரு பறவை அதே வடிவத்தோடு பெரிதானால் சிறகின் பரப்பு இருபடியாகத்தான் கூடும், எடையோ முப்படியாகக் கூடும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் சிறகும் தாங்க வேண்டிய சுமை ஏறிக்கொண்டே போகும். பிராய்லருக்கு நெஞ்சுத் தசை ஏராளம், அதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல் அது. ஆனாலும் தரையை விட்டு எழ முடியாது. தசை கூடிய அளவுக்குச் சிறகு கூடவில்லை, பாரம் முன்பக்கம் சாய்ந்துவிட்டது, உந்தி எழுப்ப வேண்டிய கால்களும் அந்தப் பாரத்துக்கே திணறுகின்றன.

இன்னொன்று, காட்டுக்கோழியும் நெடுந்தூரம் பறக்கும் பறவை இல்லை. புறா, வாத்து போல நினைத்துவிடக் கூடாது. கோழிக் குடும்பத்தின் சிறகு குட்டையானது, அகலமானது, நுனி உருண்டது. மரக்கிளைகளுக்கு இடையே சட்டென்று எழும்ப ஏற்ற சிறகு. நெஞ்சுத் தசை வெளிறிய நிறத்தில் இருப்பதற்கும் காரணம் இதுதான். அந்தத் தசை நார்கள் தம்மிடம் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் எரித்து, சில நொடிகளுக்குப் பெரும் விசையைத் தரும், உடனே களைத்தும் போகும். எங்கள் கூண்டிலும் இதைப் பார்த்தோம். அடுத்தடுத்து மூன்று முறை எழும்பிய சேவல் நான்காவது முறை எழும்பாது, ஓடிப் புதருக்குள் நுழைந்துவிடும். வளர்ப்புக் கோழியின் நெஞ்சுக்கறி வெளுப்பாக இருப்பதும் அந்த முன்னோரின் மிச்சம்தான்.

கூரையில் நடந்தது

13ஆம் வாரம், காற்று வீசிய ஒரு பிற்பகல். வெளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சாக்கு பறந்துவந்து பக்கவாட்டு வலையில் ஒட்டிப் படபடத்தது. காட்டுக்கோழிகள் எட்டும் ஒரே நொடியில் மேலே பாய்ந்தன. வெடி வெடித்தது போன்ற சத்தம். ஒரு பெட்டை கழுத்து முறிந்து கீழே விழுந்து, நாங்கள் கதவைத் திறப்பதற்குள் உயிரை விட்டது. ஒரு சேவலுக்கு உச்சந்தலைத் தோல் கம்பியில் கிழிந்து எலும்பு தெரிந்தது. லெகார்ன்கள் ஒரு மூலைக்கு ஓடிக் குவிந்தன. இரண்டு நிமிடத்தில் அதே சாக்கின் அடியில் தரையைக் கிளறத் தொடங்கின.

காடை, பெசன்ட் போன்ற கோழிக் குடும்பப் பறவைகளை வளர்ப்பவர்களுக்கு இது பழகிய விபத்து. மிரண்டால் நேர்மேலே எழும்பும் பறவைக்கு விறைப்பான கூரை எமன். ஒன்று, கூரையை எழும்ப முடியாத அளவுக்குத் தாழ்வாகப் போட வேண்டும். இல்லையென்றால் உயரமாக வைத்து, அடியில் தொய்வான மென்வலை கட்ட வேண்டும். எங்களுக்கு இது தெரியாமல் இல்லை. லெகார்னோடு சேர்ந்து வளர்ந்ததால் அடங்கியிருக்கும் என்று நம்பினோம்.

அடுத்து செய்தது அதைவிடப் பெரிய தவறு. பறப்பதால்தானே அடிபடுகிறது, பறக்காமல் செய்துவிடலாம் என்று நினைத்தோம். 14ஆம் வாரத்தில், மிச்சமிருந்த ஏழு காட்டுக்கோழிகளில் தலை கிழிந்த சேவலை விட்டுவிட்டு ஆறுக்கும் ஒரு பக்கச் சிறகின் முதல்நிலை இறகுகளை, அதாவது நுனிப்பக்கத்து நீண்ட இறகுகளை, வெட்டினோம். வீட்டுக்கோழிக்குப் பலரும் செய்வதுதான். முற்றிய இறகில் ரத்தம் ஓடாது, வலிக்காது, இறகு மாற்றத்தில் திரும்ப முளைத்துவிடும். லெகார்ன்களில் இரண்டுக்கும் அப்படியே வெட்டிப் பார்த்தோம். அவை ஓரிரு நாள் தாவிப் பார்த்து விழுந்தன, அப்புறம் அந்த முயற்சியையே விட்டுவிட்டன. குணத்தில் எந்த மாற்றமும் இல்லை.

காட்டுக்கோழிகள் அடங்கவில்லை. முன்பு ஆள் உள்ளே வந்தால் மேல் கம்புக்கு ஏறி அங்கிருந்து பார்க்கும், சிறிது நேரத்தில் உடம்பு தளரும். இப்போது மேலே போக வழியில்லை. பகல் முழுக்க மூலையில் ஒடுங்கின, தீனி குறைந்தது. மிரண்டால் பழையபடியே பாய்ந்தன, ஒரு சிறகு பிடிக்காமல் சுழன்று பக்கச் சுவரில் மோதின. அவற்றில் ஒரு பெட்டைக்குக் காலில் காயம். மருந்து போட அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. பத்து நிமிடம் போலத் துரத்தித்தான் பிடித்தோம். விட்ட பிறகு நின்றது, நடந்தது. மறுநாள் காலை கால் இரண்டையும் நீட்டிப் படுத்திருந்தது, எழ முடியவில்லை. மூன்றாம் நாள் செத்தது. பிரேதப் பரிசோதனை செய்த கால்நடை மருத்துவர் தொடைத் தசையைக் காட்டினார். வெளிறி, வரிவரியாக, வெந்த கறி போலிருந்தது. அளவுக்கு மீறிய ஓட்டமும் அச்சமும் தசையைச் சிதைத்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து கொல்லும் நோய் இது. காட்டு விலங்குகளைப் பிடிப்பவர்கள் அஞ்சுவது இதைத்தான்.

அன்றோடு எங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டதாக நான் நினைக்கிறேன். சிறகை வெட்டினால் பறப்பு போகும், மிரட்சி போகாது. காட்டுக்கோழிக்குப் பறப்பதுதான் அச்சத்தைத் தீர்க்கும் வழி. அந்த வழியை அடைத்தால் அச்சம் உள்ளேயே தங்கிவிடும்.

குணம் எங்கிருந்து வருகிறது

ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர் ஜென்சன் குழு செய்த வேலை இங்கே மிகவும் உதவும். அவர்கள் சிவப்புக் காட்டுக்கோழிகளை எடுத்து, மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சுபவற்றை ஒரு வரிசையாகவும், அதிகமாக அஞ்சுபவற்றை இன்னொரு வரிசையாகவும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்தார்கள். எடைக்காகத் தேர்வு செய்யவில்லை, முட்டைக்காகவும் இல்லை. அச்சம் ஒன்றை மட்டும் பார்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே அச்சம் குறைந்த வரிசை கனத்தது, முட்டையும் பெரிதானது. பத்தாம் தலைமுறையில் உடலோடு ஒப்பிட்டால் மூளையும் சிறுத்திருந்தது. கனம் கூடியதால் பறப்பு குறைந்தது, பறப்பு குறைந்ததால் கோழி சாதுவானது என்று நாம் கோக்கும் வரிசையை இது தலைகீழாக்குகிறது. அச்சம் முதலில் போயிருக்கலாம், மற்றவை அதன் பின்னால் வந்திருக்கலாம். தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 1650 முதல் 1250 வரையிலான எலும்புகளே வளர்ப்புக்கோழி என்று உறுதியாகச் சொல்லத்தக்கவற்றில் மிகப் பழையவை. அன்று நெல் வயலோரம் வந்து மேய்ந்தவற்றில் ஆளைக் கண்டும் ஓடாமல் நின்ற கோழிதான் நம் கோழிகளின் பாட்டியாக இருக்க வேண்டும்.

அதே குழு லெகார்னையும் காட்டுக்கோழியையும் இன்னொரு விதத்தில் ஒப்பிட்டது. எளிதாகக் கிடைக்கும் தீனி ஒருபக்கம், கிளறித் தேட வேண்டிய தீனி மறுபக்கம். காட்டுக்கோழி தேடி உண்ணும் பங்கு அதிகம். நாங்களும் தட்டுக்கு அருகே சருகுக் குவியலில் தானியம் கலந்து வைத்தோம். லெகார்ன்கள் தட்டிலேயே தலையை வைத்திருந்தன. காட்டுக்கோழிகள் தட்டு நிறைந்திருக்கும்போதே சருகைச் சீய்த்தன. ஆகவே காட்டுக்கோழி என்றால் வெறும் பயந்த கோழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று ஓயாமல் அறிந்துவைத்துக்கொள்ளும் பறவை அது. மிரட்சி அந்தக் கவனத்தின் ஒரு முகம்.

குரலிலும் அதைக் கேட்கலாம். சான் டியாகோ விலங்குக் காட்சியகத்தில் சுதந்திரமாகத் திரிந்த சிவப்புக் காட்டுக்கோழிகளைப் பல ஆண்டுகள் கவனித்த நிக்கலஸ் கோலியாஸ், அவற்றின் குரல்களை ஏறக்குறைய 24 வகையாகப் பிரித்தார். வானத்து எதிரிக்கு ஒரு குரல், தரையில் வரும் எதிரிக்கு இன்னொரு குரல். வளர்ப்புக்கோழியிடமும் இந்த இரண்டும் உண்டு. எங்கள் கூண்டில் ஒரு பருந்து நிழல் ஓடினால் லெகார்ன் சேவலே முதலில் குரல் கொடுத்த நாட்களும் உண்டு. குரல் ஒன்றுதான், கேட்டவை செய்தது வேறு. லெகார்ன் பெட்டைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. காட்டுக்கோழிப் பெட்டைகள் அதற்குள் புதரில் இருந்தன.

தூயதா, கலப்பா

எட்டில் எல்லாம் ஒரே குணம் இல்லை. ஒரு பெட்டையும் ஒரு சேவலும் தொடக்கத்திலிருந்தே நிதானம். பத்தாம் மாதத்தில் அந்தப் பெட்டைக்குத் தெளிவான சிவப்புக் கொண்டை வந்தது. தூய காட்டுப் பெட்டைக்குக் கொண்டை இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும், அலகின் கீழே தாடி தொங்காது. அந்தச் சேவலின் வால் நிமிர்ந்தே நின்றது. கூவலின் கடைசி அசை வீட்டுச் சேவலைப் போல நீண்டது. மற்ற இரண்டு சேவல்களும் வாலைத் தாழ்த்திப் பிடித்தன, கூவலைச் சட்டென்று வெட்டி முடித்தன. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சந்தேகம் தீர்ந்தது. அந்த இரண்டும் பொன்சிவப்புக் கழுத்துத் தூவியை உதிர்த்து, குட்டையான கறுத்த இறகு போர்த்தன, கொண்டையும் சுருங்கியது. நிதானச் சேவலோ வருடம் முழுக்க அதே தூவியோடு நின்றது.

இந்த மங்கல் இறகு தூய சேவலின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. லெர் பிரிஸ்பின் என்ற அமெரிக்க உயிரியலாளரும் அவரோடு பணிசெய்தவரும் 1990களின் இறுதியில் 745 அருங்காட்சியக மாதிரிகளை ஆராய்ந்து, இந்த அடையாளம் காட்டுக் கூட்டங்களிலேயே மறைந்து வருகிறது என்று எச்சரித்தார்கள். காட்டோரக் கிராமக் கோழிகளோடு கலப்பதுதான் காரணம். 2023இல் வெளியான மரபணு ஆய்வு, இன்றைய காட்டுக்கோழிகளின் மரபணுவில் 20 முதல் 50 சதவீதம் வரை வளர்ப்புக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டது. எங்களுக்கு முட்டை கொடுத்தவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

நிதானமானவைதான் கலப்பாக இருந்தன என்றதும் குணத்தை வைத்தே தூய்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சரியில்லை. எல்லா அடையாளமும் பொருந்திய தூய சேவல் ஒன்று ஒரு வருடத்தில் என் பூட்ஸ் அருகே வந்து புழு எடுத்தது. தலை கிழிந்து, மூன்று வாரம் தினமும் கையில் பிடித்து மருந்து போட்ட மற்றொன்று கடைசிவரை எங்களை அண்டவில்லை. லெகார்ன்களிலும் ஒருத்தி நிழலுக்கே அலறுவாள். இலகுவான முட்டை இனங்களில் இப்படிப் பதறும் கோழிகள் வருவது உண்டு.

மாற்றியவை

கூரைக்கு அடியில் நைலான் மென்வலையைத் தொய்வாகக் கட்டினோம். பக்கங்களில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் துணி மறைப்பு, தரையில் புதர்க் குவியல்கள், உயரத்தில் இரண்டு அடர்ந்த கிளைகள். உள்ளே போகும் முன் ஒரே மாதிரி விசில், ஒரே நேரம், ஒரே நிறச் சட்டை. பிடிக்க வேண்டுமென்றால் இருட்டிய பிறகு கம்பில் அடைந்திருக்கும்போது மட்டும், துரத்தாமல். இரண்டு மாதத்தில், கூண்டின் மறுகோடிக்கு ஓடியவை மூன்று தப்படி தூரத்தில் நிற்கப் பழகின. கூரையில் மோதுவது நின்றுவிடவில்லை, ஆனால் வலை வாங்கிக்கொண்டது. வெட்டிய இறகுகள் பின்னர் இறகு மாற்றத்தில் புதிதாக வந்தன. இறகு வந்த பிறகு அவை அமைதியானதை நண்பரும் தனியாகக் குறித்து வைத்திருந்தார்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு பெட்டை கதவிடுக்கில் வெளியேறியது. வேலிக்கு மேல் எழும்பி, சிறகை விறைத்துக்கொண்டு சரிந்து, மரத்தின் உச்சிக் கிளையைப் பிடித்தது. தேடவில்லை, வலை வீசவும் இல்லை. கூண்டின் சிறு கதவை மட்டும் திறந்து வைத்து உள்கதவை மூடினோம். பகலில் கண்ணில் படாது. விடியலில் சேவல்கள் கூவும்போது வேலியோரம் வரும். ஒன்பதாம் நாள் காலை தானாக நடந்து உள்ளே வந்து சருகைக் கிளறியது.

அதே பெட்டை 13ஆம் மாதத்தில் புதர்க் குவியலுக்குள் ஐந்து முட்டையிட்டு அடையில் உட்கார்ந்தது. ஐந்தும் குஞ்சாயின. நான்காம் நாள் வழக்கம்போல விசிலடித்து உள்ளே போனேன். தாய் ஒரே ஒரு முறை தாழ்ந்த குரல் கொடுத்தது, ஐந்து குஞ்சும் சருகில் மறைந்தன. கதவருகே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 நிமிடம் கழித்துத் தாய் மெல்லக் கொக்கரித்த பிறகுதான் முதல் குஞ்சு, என் பூட்ஸிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு இலையைத் தலையால் தூக்கிக்கொண்டு எழுந்தது.